மடி போதாது: விமானத்தில் குழந்தைக்கும் ஒரு பெல்ட் வேண்டும்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஊரின் பெயர் வெளிநாடுகளில் பேசப்படுவதற்கு வெகு முன்பே இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வேலைக்காக வெளிநாடு போகத் தொடங்கிவிட்டார்கள். மகன் துபாயிலோ மருமகன் சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகளில் கைக்குழந்தையோடு ஒருமுறையாவது விமானம் ஏறுகிறார்கள். பாஸ்போர்ட், விசா, பெட்டியின் எடை, ஊறுகாய் ஜாடி என ஒவ்வொன்றையும் நாலு பேரிடம் கேட்டுச் சரிபார்க்கிறோம். குழந்தை எப்படி உட்கார்ந்து போகப்போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. “மடியில வெச்சுக்கலாம், ரெண்டு வயசுக்குள்ளதானே” என்று அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம்.

இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துப் பயணிக்கச் சட்டம் அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பயணம் முழுப் பாதுகாப்பானது என்று சட்டம் உறுதி தரவில்லை. விமானம் குலுங்கும் நொடியில் குழந்தையைப் பிடித்துவைக்கும் பலம் எந்தத் தாயின் கைக்கும் கிடையாது. அதற்காகத்தான் பெல்ட் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

கைப்பிடியால் ஏன் முடியாது?

2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூர் போன ஸ்பைஸ்ஜெட் விமானம், தரையிறங்க வரும் வழியில் கடுமையான காற்றுக் கொந்தளிப்பில் மாட்டியது. விமானத்தின் மேல் விழுந்த விசை ஒரு கட்டத்தில் 2.64 ஜி (அதாவது புவியீர்ப்பின் 2.64 மடங்கு) வரை ஏறி, இன்னொரு கட்டத்தில் எதிர்த்திசையில் 1.36 ஜி வரை போனது என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தெரிவித்தது. பயணிகளும் பணியாளர்களுமாகப் பலர் காயமடைந்தார்கள். ஒரு பயணி சில மாதங்களுக்குப் பின் உயிரிழந்தார்.

இந்த எண்களை ஒரு குழந்தையை வைத்துப் பார்த்தால் ஆபத்து புரியும். பத்து கிலோ எடையுள்ள குழந்தை 2.64 ஜி விசையில் இருபத்தாறு கிலோவாகக் கனக்கும். விசை எதிர்த்திசைக்கு மாறியதும் அதே குழந்தையைக் கூரையை நோக்கிப் பதின்மூன்று கிலோவுக்கும் மேலான பலம் தூக்கும். அணைத்திருக்கும் தாயின் உடலும் அதே நேரத்தில் தூக்கி எறியப்படுவதால், அவர் கை எதையும் பற்றி நிற்கும் நிலையில் இருக்காது.

தமிழர்கள் அதிகம் பயணிக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் இப்படி ஒரு விபத்து நடந்தது. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன எஸ்கியூ 321 விமானம் 2024 மே 21 அன்று மியான்மர் வான்வெளியில் திடீர்க் குலுக்கலில் சிக்கி, பாங்காக்கில் அவசரமாக இறங்கியது. ஒருவர் இறந்தார். முதற்கட்ட ஆய்வின்படி, விசையின் திசை மேலிருந்து கீழாக மாற 0.6 நொடிதான் ஆனது. பெல்ட் போடாதவர்கள் எழும்பிக் கூரையில் மோதி, மறுபடி கீழே விழுந்தார்கள். பாங்காக் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் மிக இளையவருக்கு வயது இரண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு குழந்தையைக் கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருக்க அந்த 0.6 நொடி இடம் தராது.

அவசரத் தரையிறக்கத்தில் விசை இதைவிடப் பல மடங்கு. இன்றைய பெரிய பயணிகள் விமானங்களின் இருக்கைகளை முன்னோக்கிய 16 ஜி விசையில் சோதிக்கிறார்கள். அந்த விசையில் பத்து கிலோ குழந்தை நூற்றறுபது கிலோவாக முன்னால் பாயும். இருக்கை தாங்கும், இடுப்புப் பெல்ட் தாங்கும். கை தாங்காது.

சூ சிட்டி கற்றுத் தந்த பாடம்

இந்த விவாதம் முப்பத்தைந்து ஆண்டுகளாக நடந்துவருகிறது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். மடிக்குழந்தைகளாக வந்தவர்கள் நான்கு பேர். அவர்களைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் துணிகளைப் பொதிந்து பிடித்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் பணியாளர்கள் சொன்னார்கள். அன்றைய வழிகாட்டல் அப்படித்தான் இருந்தது. மோதிய வேகத்தில் அந்தப் பிடிகள் நழுவின. நால்வரில் ஒரு குழந்தை உயிர் பிழைக்கவில்லை. அந்த அறிவுரையைத் தன் வாயால் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், அதன்பின் மடிக்குழந்தை முறைக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990 முதலே, ஒவ்வொரு குழந்தையையும் அதன் சொந்த இருக்கையில் கட்டி உட்காரவைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்போ அதைக் கட்டாயமாக்கவில்லை. குழந்தைக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால் பல குடும்பங்கள் காரில் போகும், சாலையில் அதைவிட அதிகக் குழந்தைகள் இறப்பார்கள் என்பது அதன் வாதம். இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. விமானப் பயணம் சாலைப் பயணத்தைவிட மிக மிகப் பாதுகாப்பானது. மடிக்குழந்தையோடு போவதற்கு அஞ்சி யாரும் பயணத்தைக் கைவிட வேண்டாம். மிச்சமிருக்கும் ஆபத்தைக் குறைக்க வழி இருக்கும்போது அதை விட்டுவிடவும் வேண்டாம்.

எப்படிக் கட்டுவது?

மிகச் சிறந்த வழி, குழந்தைக்குத் தனி டிக்கெட் எடுத்து, விமானத்தில் பயன்படுத்தலாம் என்று முத்திரை உள்ள குழந்தை இருக்கையில் உட்காரவைப்பது. வீட்டுக் காருக்கு வாங்கிய குழந்தை இருக்கையே இதற்குப் பொருந்தலாம். விமானப் பயன்பாட்டுக்கான ஒப்புதல் அதன் ஒட்டுச்சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகுச் சாய்மானம் இல்லாத பூஸ்டர் இருக்கைகளை ஏறும்போதும் இறங்கும்போதும் பயன்படுத்த முடியாது. குழந்தை இருக்கையைப் பெரும்பாலும் ஜன்னலோரத்தில்தான் பொருத்த விடுவார்கள். அவசர வழி வரிசையில் அனுமதி இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும் என்பதால் டிக்கெட் போடும்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தனி டிக்கெட்டுக்குக் கையில் பணம் இல்லையென்றால் அடுத்த வழி இன்ஃபன்ட் பெல்ட். பெரியவரின் பெல்ட்டில் கோர்த்துக்கொள்ளும் சிறிய கூடுதல் பெல்ட் இது. ஐரோப்பாவில் மடிக்குழந்தைக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். மோதலில் குழந்தையின் வயிற்றை அழுத்திவிடும் என்பதால் அமெரிக்காவில் புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் இதற்குத் தடை உண்டு. நிபுணர்களே வேறுபடும் இடம் இது. பெரிய மோதலில் இது தனி இருக்கைக்கு ஈடாகாது. ஆனால் நாம் அதிகம் எதிர்கொள்ளும் நடுவானக் குலுக்கலில், குழந்தை கூரைக்குப் பறந்துவிடாமல் இது பிடித்துவைக்கும். இந்திய விமானங்களில் பணியாளர்கள் இதைத் தருவார்கள். தராமல் கடந்து போனால், இருக்கையில் அமர்ந்ததுமே “குழந்தைக்கு இன்ஃபன்ட் பெல்ட் வேணுங்க” என்று கேளுங்கள். தமிழில் கேட்டாலும் அந்த இரண்டு சொற்கள் புரியும்.

கட்டும் முறை எளிது. முதலில் உங்கள் பெல்ட்டைக் குழந்தைப் பெல்ட்டின் வளையத்துக்குள் நுழைத்து, உங்கள் இடுப்பில் இறுக்கிப் பூட்டுங்கள். குழந்தையை முன்பக்கம் பார்த்து, அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாயும்படி உட்காரவைத்து, சிறிய பெல்ட்டை அதன் இடுப்பில் தனியாகப் பூட்டுங்கள். ஒரே பெல்ட்டுக்குள் இருவரையும் சேர்த்துக் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. விமானம் திடீரென நின்றால் உங்கள் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். மார்பில் தூக்கிக் கட்டும் குழந்தைப் பையும் சேலைத் தூளியும் பெல்ட் ஆகாது.

இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை கட்டாயம். போகும்போது இருபத்து மூன்று மாதமாக இருந்து, ஊர் திரும்புவதற்குள் இரண்டு வயது நிறைந்தால், திரும்பும் பயணத்துக்குக் குழந்தை டிக்கெட் எடுக்க வேண்டும். இது தெரியாமல் விமான நிலையத்தில் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். இந்த வயதில் பெல்ட் வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, இறுக்கமாக இருக்க வேண்டும்.

குழந்தையைக் கால்மாட்டில் தரையில் படுக்கவைக்காதீர்கள். பெரிய விமானங்களில் தரப்படும் தொட்டிலில் கிடத்தியிருந்தால், பெல்ட் விளக்கு எரிந்ததும் தூக்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். நடைபாதை ஓரத்தில் குழந்தையை அமர்த்தினால் சூடான டீயும் காபியும் கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோகும், மேலே இருந்து பை விழும் ஆபத்தும் கூடும். மடிக்குழந்தை உள்ள வரிசைக்கென்று கூடுதல் ஆக்சிஜன் முகமூடி ஒதுக்கியிருப்பார்கள். பணியாளரிடம் சொல்லாமல் இடம் மாறி உட்கார்ந்தால் அது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு, பிறகு குழந்தைக்குப் போடுங்கள். நீங்கள் மயங்கிவிட்டால் குழந்தைக்குப் போட ஆளிருக்காது.

அழுது அடம்பிடித்தால்?

2018 ஜூலை 23 அன்று லண்டனிலிருந்து பெர்லின் செல்லவிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் நடந்தது இந்தியா முழுவதும் பேசப்பட்டது. இந்தியக் குடும்பம் ஒன்றின் மூன்று வயதுக் குழந்தை, பெல்ட் போட்டதும் அழத் தொடங்கியது. பணியாளர் ஒருவர் குழந்தையை அதட்டினார், விமானத்தை முனையத்துக்குத் திருப்பிக் குடும்பத்தை இறக்கிவிட்டார்கள், இனவெறியோடு பேசினார்கள் என்று குழந்தையின் தந்தை புகார் செய்தார். அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் சுரேஷ் பிரபு, நிறுவனத்திடம் விரிவான அறிக்கை பெறும்படி டிஜிசிஏவுக்கு உத்தரவிட்டார். பாகுபாட்டைச் சகிப்பதில்லை, விசாரிக்கிறோம் என்று நிறுவனம் கூறியது. புறப்படும்போது எல்லாரும் பெல்ட் போட்டு அமர்வது பாதுகாப்பு விதி என்றும் சொன்னது.

இதில் பெற்றோருக்கு இரண்டு பாடங்கள் உண்டு. பெல்ட் விதியைத் தளர்த்தும் அதிகாரம் எந்தப் பணியாளருக்கும் கிடையாது. தனி இருக்கையில் இருக்கும் குழந்தை கட்டப்படாமல் விமானம் கிளம்பாது, கிளம்பவும் கூடாது. அதே நேரம், அழும் குழந்தையின் குடும்பத்தை மரியாதையாக நடத்துவதும் அவர்கள் கடமைதான். பெல்ட்டைப் பற்றி வாதாடாதீர்கள். அவமரியாதை நடந்தால் எழுதிவைத்துக்கொண்டு, இறங்கிய பின் புகார் செய்யுங்கள்.

அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் பிடிவாதம் அல்ல. விமானம் கீழே இறங்கும்போது காற்றழுத்தம் மாறுவதால் காது அடைத்து வலிக்கிறது. பெரியவர்கள் கொட்டாவி விட்டுச் சமாளிப்பார்கள், சின்னக் குழந்தைக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் தாய்ப்பாலோ, பாட்டில் பாலோ, சிப்பர் தண்ணீரோ கொடுத்து விழுங்கவைத்தால் காது திறக்கும். சளி, காது வலி இருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தூங்கவைக்கிறேன் என்று இருமல் மருந்தோ சளி மருந்தோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். மூச்சையே பாதிக்கக்கூடும். தவழ்ந்து திரியும் பிள்ளைக்குப் பெல்ட் புதிது. பயணத்துக்கு முன் சில வாரங்கள் காரில் பெல்ட்டோடு உட்காரப் பழக்கிவிட்டால் விமானத்தில் பாதிச் சண்டை குறையும்.

பயணம் செஞ்சியிலேயே தொடங்குகிறது

செஞ்சி கூட்டு ரோட்டில் வண்டி ஏறி, திண்டிவனம் போய், ஜிஎஸ்டி சாலையில் மீனம்பாக்கம் சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகிறது. வழியனுப்பப் பெரியப்பா, சித்தி என வீடே வண்டியில் ஏறுகிறது. குழந்தை முன்சீட்டில் யாரோ ஒருவர் மடியில் இருக்கிறது. மொத்தப் பயணத்திலும் அதிக ஆபத்து இந்தக் கட்டத்தில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. முன்சீட்டில் மடியில் இருக்கும் குழந்தையை ஏர்பேக்கே கொல்லக்கூடும். நல்ல குழந்தை இருக்கை ஒன்று வாங்கினால் செஞ்சியிலிருந்து சென்னை வரை காரிலும், ஒப்புதல் முத்திரை இருந்தால் அங்கிருந்து விமானத்திலும் அது உதவும். இரண்டாவது பிள்ளைக்கும் ஆகும்.

உங்கள் உரிமைகள்

பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒரே பி.என்.ஆர் எண்ணில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவர் பக்கத்தில் இருக்கை ஒதுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இந்த உரிமை ஒரே பி.என்.ஆரில் இருந்தால்தான் செல்லும். ஆகவே டிராவல்ஸில் டிக்கெட் போடும்போது குடும்பத்தை இரண்டு பி.என்.ஆராகப் பிரிக்க விடாதீர்கள். கவுன்டரில் குழந்தையை வேறு வரிசையில் போட்டால் இந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள்.

மாற்றுத்திறனுள்ள குழந்தையை அந்தக் காரணத்துக்காக ஏற்ற மறுக்க முடியாது. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் அப்படி ஒரு பிள்ளையை ஏற்ற மறுத்ததற்காக இண்டிகோ நிறுவனத்துக்கு டிஜிசிஏ 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு விதியும் திருத்தப்பட்டது. பயணத்தில் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் நேரில் பரிசோதித்துக் கருத்துச் சொன்ன பிறகே முடிவெடுக்க வேண்டும்.

சர்வதேசப் பயணத்தில், விமானத்துக்குள்ளோ ஏறும்போதோ இறங்கும்போதோ நேர்ந்த விபத்தில் குழந்தை காயமடைந்தால், மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். இந்தியாவும் இதில் உறுப்பு நாடு. ‘எங்கள் தவறு இல்லை’ என்று சொல்லி நிறுவனம் நழுவ முடியாத வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 எஸ்டிஆர் என உயர்த்தப்பட்டது. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ரூபாயில் இது ஒன்றரைக் கோடிக்கும் மேல். இது தானாகக் கிடைக்கும் தொகை அல்ல, உண்மையான இழப்பை நிரூபிக்க வேண்டும். பயணியின் கவனக்குறைவும் காரணம் என்று நிறுவனம் நிறுவினால் இழப்பீடு குறையும். பெல்ட் கேட்டு வாங்கிக் கட்டியிருப்பது குழந்தையின் உடலோடு அதன் சட்ட உரிமையையும் காக்கிறது. வழக்கு தொடர இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம்.

குறை நேர்ந்தால் என்ன செய்வது?

காயம் என்றால் அங்கேயே பணியாளரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். விமான நிலைய மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். படம் எடுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் சம்மதித்தால் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழிகாட்டுவார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விமான நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியிலோ குருகிராமிலோ இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செஞ்சிக்காரர்களுக்கு விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இதற்கும் இரண்டு ஆண்டுகள்தான் கெடு. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மடிக்குழந்தைக்கு டிக்கெட் பதியும்போதே ‘இன்ஃபன்ட் பெல்ட் தருவோம், தனி இருக்கை வேண்டுமானால் இவ்வளவு கட்டணம், இன்ன குழந்தை இருக்கைக்கு அனுமதி உண்டு’ என்று தமிழிலும் எழுதிக் காட்ட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் தனி இருக்கைக்குக் கட்டணத்தைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். இதை டிஜிசிஏ விதியாக்கினால், நடுத்தரக் குடும்பங்களும் பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

அதுவரை பொறுப்பு நம்மிடம்தான். அடுத்த முறை டிராவல்ஸில் டிக்கெட் போடும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: குழந்தைக்குத் தனி இருக்கை எடுத்தால் எவ்வளவு? எங்கள் கார் இருக்கையைக் கொண்டுபோகலாமா? எல்லாரும் ஒரே பி.என்.ஆரில்தானே இருக்கிறோம்? விமானத்தில் ஏறியதும் நான்காவதாக ஒன்று: இன்ஃபன்ட் பெல்ட் எங்கே? இவற்றைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. குழந்தையால் கேட்க முடியாது. அதன் சார்பில் நாம்தான் கேட்க வேண்டும்.